மைசூரு ஆய்வகத்திலிருந்து ஜெனீவா வரை: மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை நாடுகள் கண்காணிப்பது எப்படி?

மைசூரு: ஆய்வகங்களில் உறுதி செய்யப்படும் பாக்டீரியா தொற்றுகளில் ஆறில் ஒன்று, ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாததாக உள்ளது என்று உலக சுகாதார அமைப்பு 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. இந்தியா இடம்பெற்றுள்ள தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் இந்த விகிதம் மூன்றில் ஒன்று. 2023ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு கணக்கிடப்பட்ட எண்கள் இவை.

இந்த எண்கள் ஜெனீவாவில் பிறந்தவை அல்ல. மைசூரு, திருச்சி, வேலூர், புதுச்சேரி போன்ற நகரங்களின் மருத்துவமனை ஆய்வகங்களில், ஒரு நோயாளியின் ரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்து எழுதப்படும் முடிவுகளே பல கட்டங்களைக் கடந்து உலக அறிக்கையைச் சென்றடைகின்றன. அந்தப் பயணம் எவ்வாறு நிகழ்கிறது, வந்து சேரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம், அவற்றால் காய்ச்சலுடன் மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவருக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மைசூருவின் இடம்

மைசூரு மருத்துவக் கல்லூரி 1924ஆம் ஆண்டு பெங்களூருவில் தொடங்கப்பட்டு, 1930ஆம் ஆண்டு மைசூருவுக்கு மாற்றப்பட்டது. கே.ஆர். மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனையும், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான செலுவாம்பா மருத்துவமனையும் இக்கல்லூரியுடன் இணைந்தவை. மைசூரு மாவட்டத்தினர் மட்டுமின்றி, அண்டை மாவட்டங்களைச் சேர்ந்த எளிய மக்களும் சிகிச்சைக்காக நாடி வரும் அரசு மருத்துவமனைகள் இவை.

இக்கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகம், மத்திய அரசின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் ஓர் உறுப்பு ஆய்வகமாகும். சுருக்கமாக நார்ஸ்-நெட் எனப்படும் இந்த வலையமைப்பு, 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் ஒரு பகுதி. தொடக்கத்தில் சில ஆய்வகங்களே இருந்த இந்த அமைப்பில், இன்று பெரும்பாலான மாநிலங்களைச் சேர்ந்த 50க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரி ஆய்வகங்கள் இணைந்துள்ளன. தமிழ்நாட்டில் திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் இதில் இடம்பெற்றுள்ளது.

இதற்கு இணையாக மற்றொரு வலையமைப்பும் செயல்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2013ஆம் ஆண்டு தொடங்கிய அந்த அமைப்பில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் முதன்மை மையங்களாக உள்ளன. ஐசிஎம்ஆர் அமைப்பு, கிருமிகள் எந்த மரபணுவின் துணையால் மருந்தை வெல்கின்றன என்பது வரை ஆழ்ந்து ஆராய்கிறது. நார்ஸ்-நெட் அமைப்பு, அரசு மருத்துவமனைகளின் அன்றாடச் சோதனை முடிவுகளைத் திரட்டி, நாட்டின் சார்பில் உலக சுகாதார அமைப்புக்கு அனுப்புகிறது.

ஒரு தட்டில் தொடங்கும் கணக்கு

கடும் காய்ச்சலுடன் ஒருவர் அனுமதிக்கப்படுகிறார் என்று கொள்வோம். ரத்தத்தில் தொற்று பரவியிருக்கலாம் என மருத்துவர் ஐயுற்றால், ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்து, ஊட்டக் கரைசல் நிரப்பிய கல்ச்சர் குப்பியில் செலுத்த வேண்டும். மருந்து உடலுக்குள் சென்ற பிறகு எடுத்தால், கிருமி உயிருடன் இருந்தும் குப்பியில் வளராமல் போகக்கூடும். கண்காணிப்பின் முதல் பிழை பெரும்பாலும் ஆய்வகத்தில் நேர்வதில்லை. நோயாளியின் படுக்கையருகே நேர்கிறது.

குப்பியில் கிருமி வளர்ந்தால், அது அகார் எனும் கூழ் பரப்பிய தட்டில் தனியே வளர்க்கப்பட்டு, எந்த இனம் என்று கண்டறியப்படுகிறது. பின்னர் மருந்துச் சோதனை தொடங்குகிறது. கிருமியை உப்புக் கரைசலில் குறிப்பிட்ட அடர்த்திக்குக் கலக்கி, 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள முல்லர்-ஹிண்டன் அகார் தட்டின் மீது சீராகப் பூசுகிறார்கள். அதன் மேல், அளவறிந்து மருந்து ஏற்றிய 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள காகித வில்லைகளை வைக்கிறார்கள். ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருந்த பிறகு தட்டை எடுத்துப் பார்த்தால், பலன் தரும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். பலன் தராத மருந்தின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருக்கும்.

அந்த வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் சார்ந்த கிருமிகளுக்கு எதிராக மெரோபெனெம் என்ற மருந்தைச் சோதிக்கும்போது, வட்டம் 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்த மருந்து பலன் தரும். 19 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால் கிருமி மருந்தை எதிர்க்கிறது. இடைப்பட்டவை நடுநிலை. பல ஆய்வகங்களில் இந்தப் பணியைத் தானியங்கிக் கருவிகளும் செய்கின்றன.

எல்லா மருந்துக்கும் இந்த வில்லை முறை பொருந்தாது. இறுதிக்கட்ட மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டின், மூலக்கூறு பெரிதாக இருப்பதால் அகாரில் சரிவரப் பரவுவதில்லை. ஆகவே அதற்கு, மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் சிறு குழிகளில் கிருமியுடன் வைத்துப் பார்க்கும் முறையே ஏற்கப்படுகிறது. இம்முறையைக் கையாளாத ஆய்வகம் கோலிஸ்டின் பற்றித் தரும் எண்ணைக் கணக்கில் கொள்ள முடியாது.

அளவுகோல் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்

மைசூருவில் 20 மில்லிமீட்டர் என்று அளக்கப்பட்டது, நைரோபியிலும் லிஸ்பனிலும் 20 மில்லிமீட்டராகவே இருந்தால்தான் நாடுகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. இதற்காகவே ஆய்வகங்கள், மருந்துக்கு எவ்வாறு எதிர்வினை காட்டும் என்று முன்கூட்டியே அறியப்பட்ட கிருமி வகைகளை வைத்திருந்து, தம் வில்லைகளையும் அகாரையும் அவ்வப்போது அவற்றைக் கொண்டு சோதித்துக்கொள்கின்றன. அறியப்பட்ட விடை வராவிட்டால், அன்றைய நோயாளிகளின் முடிவுகளையும் வெளியிடக் கூடாது.

இதற்கு மேல் வெளித் தரச் சோதனையும் உண்டு. தேசிய மேற்கோள் ஆய்வகம், பெயர் குறிப்பிடாத கிருமிகளை உறுப்பு ஆய்வகங்களுக்கு அனுப்பி விடை கேட்கிறது. வழக்கத்துக்கு மாறான எதிர்ப்பு தென்பட்டால், எடுத்துக்காட்டாக ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வான்கோமைசினுக்குக் கட்டுப்படாததாகத் தோன்றினால், உறுப்பு ஆய்வகம் தானே அறிவித்துவிடாமல் அந்தக் கிருமியை மேற்கோள் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும்.

முடிவுகளைப் பதிவு செய்ய, ஹூநெட் என்ற இலவச மென்பொருள் பயன்படுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மருத்துவமனை ஒன்றை மையமாகக் கொண்ட குழு உருவாக்கிய இந்த மென்பொருளை, உலகெங்கும் பல நாடுகளின் ஆய்வகங்கள் கையாள்கின்றன. 'பலன் உண்டு', 'பலன் இல்லை' என்ற தீர்ப்பை மட்டும் எழுதாமல், வட்டத்தின் விட்டத்தை அப்படியே மில்லிமீட்டரில் பதிவு செய்ய இதில் இயலும். தீர்ப்புக்கான எல்லைக்கோடுகளைச் சர்வதேச நிபுணர் குழுக்கள் அவ்வப்போது திருத்துகின்றன. அவ்வாறு கோடு மாறும்போது, கிருமிகளில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எதிர்ப்பு விகிதம் உயர்ந்ததுபோல் தோன்றும். மில்லிமீட்டர் கைவசம் இருந்தால், பழைய ஆண்டுகளையும் புதிய கோட்டின்படி திருப்பிக் கணக்கிட்டுவிடலாம்.

ஒரு நோயாளியை ஒரு முறை மட்டும்

தரவைத் தொகுக்கும்போது கடைப்பிடிக்கப்படும் எளிய விதி ஒன்று, முடிவையே புரட்டிப்போடும் வலிமை கொண்டது. ஒரு நோயாளியிடமிருந்து ஒரே வகைக் கிருமி பலமுறை கிடைத்தாலும், முதல் முடிவை மட்டுமே எண்ண வேண்டும் என்பதே அவ்விதி.

கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மருத்துவமனையில் 100 நோயாளிகளிடம் ஒரே கிருமி கண்டறியப்படுகிறது. அவர்களில் 40 பேரின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லை. உண்மை விகிதம் 40 விழுக்காடு. ஆனால் குணமாகாத அந்த 40 பேருக்கும் தலா மூன்று முறை கல்ச்சர் செய்யப்படுகிறது. குணமாகிய 60 பேருக்கு ஒரு முறை மட்டுமே. மொத்தச் சோதனைகள் 180. அவற்றில் எதிர்ப்பைக் காட்டியவை 120. சோதனைகளை அப்படியே எண்ணினால் விகிதம் 67 விழுக்காடாக உயர்ந்துவிடும். கிருமி மாறவில்லை, எண்ணிய முறை மட்டுமே மாறியது.

எல்லையைக் கடந்த கிருமிகள்

ஒவ்வொரு நாடும் தன் மருத்துவமனைகளைத் தானே கவனித்துக்கொண்டால் போதாதா என்ற கேள்வி எழலாம். கடந்த 20 ஆண்டுகளின் மூன்று நிகழ்வுகள் இதற்கு விடை தருகின்றன.

முதலாவது, இந்தியாவின் தலைநகரின் பெயரைத் தாங்கியது. இந்தியாவில் சிகிச்சை பெற்று 2008ஆம் ஆண்டு சுவீடன் திரும்பிய நோயாளி ஒருவரின் சிறுநீரில், கார்பபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் கொண்ட கிளெப்சியெல்லா கிருமி கண்டறியப்பட்டது. ஆய்வாளர்கள் அந்த நொதிக்கு நியூடெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயரிட்டனர். 2010ஆம் ஆண்டு லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, இந்த மரபணுவைக் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி அக்கட்டுரையின் முதல் ஆசிரியர்.

ஒரு நகரின் பெயரைக் கிருமியின் நொதிக்குச் சூட்டியது மருத்துவச் சுற்றுலாவைப் பாதிக்கும் என்று இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அந்தச் சர்ச்சை ஒரு நன்மையையும் விளைவித்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி வகுத்த செயல்திட்டம், சென்னைப் பிரகடனம் என்று அறியப்படுகிறது. அடுத்த ஆண்டே, முக்கிய ஆன்டிபயாடிக்குகள் உள்ளிட்ட 46 மருந்துகளை எச்-1 பட்டியலில் சேர்த்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த இந்த விதியின்படி, அம்மருந்துகளை விற்கும் கடை, மருத்துவர் மற்றும் நோயாளியின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

இரண்டாவது நிகழ்வு அமெரிக்காவில் நேர்ந்தது. இந்தியாவில் தொடை எலும்பு முறிவுக்காகப் பலமுறை சிகிச்சை பெற்று நாடு திரும்பிய பெண் ஒருவர், 2016ஆம் ஆண்டு நெவாடா மாநிலத்தில் உயிரிழந்தார். அவரிடம் கண்டறியப்பட்ட கிளெப்சியெல்லா கிருமி, சோதிக்கப்பட்ட 26 ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றுக்குக்கூடக் கட்டுப்படவில்லை. அவர் வெளிநாட்டில் சிகிச்சை பெற்றவர் என்பதும், கிருமியின் தன்மையும் உரிய நேரத்தில் தெரியவந்ததால், அவர் தனி அறையில் வைக்கப்பட்டார். அந்த மருத்துவமனையில் பிற நோயாளிகளுக்கு அக்கிருமி பரவியதாகக் கண்டறியப்படவில்லை.

மூன்றாவது நிகழ்வு அண்டை நாட்டில் நேர்ந்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ஹைதராபாத் நகரில் 2016ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய டைபாய்டு பரவல், செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசினே பலன் தருவதாக எஞ்சியது. பயணிகள் வழியாக இந்தக் கிருமி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தென்பட்டது. ஆய்வகத் தரவு கைவசம் இருந்ததால், தடுப்பூசியை விரைந்து கொண்டுவர முடிந்தது. இந்தியாவின் ஹைதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்த டைபாய்டு தடுப்பூசி சிந்துவில் பயன்படுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டு நவம்பரில், அவ்வகைத் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடாகப் பாகிஸ்தான் ஆனது.

கிளாஸ்: உலகின் பொதுக் கணக்கேடு

நாடுகளை இணைத்துக் கண்காணிக்கும் முயற்சி முதலில் கண்ட அளவிலேயே தொடங்கியது. ஐரோப்பிய நாடுகள் 1998ஆம் ஆண்டு முதல் தம் ஆய்வகத் தரவுகளை ஒன்றிணைத்து வருகின்றன. உலகளாவிய ஏற்பாடு 2015ஆம் ஆண்டுதான் உருவானது. அவ்வாண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை மருந்து எதிர்ப்புக்கான உலகச் செயல்திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டில் கிளாஸ் என்ற உலகக் கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியா 2017ஆம் ஆண்டு அதில் இணைந்தது.

கிளாஸ் அமைப்பு எல்லாத் தொற்றுகளையும் எண்ணுவதில்லை. ரத்தத் தொற்று, சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு சார்ந்த தொற்று, மேகவெட்டை எனப்படும் கொனேரியா ஆகியவற்றில், தேர்ந்தெடுத்த சில கிருமிகளையும் மருந்துகளையும் மட்டுமே அது கவனிக்கிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சால்மோனெல்லா, ஷிகெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நிமோகாக்கஸ், கொனேரியா கிருமி ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை. நோயாளியின் பெயர் அனுப்பப்படுவதில்லை. வயது, பாலினம், மாதிரியின் வகை, தொற்று வெளியில் ஏற்பட்டதா மருத்துவமனையில் ஏற்பட்டதா என்பன போன்ற விவரங்களுடன், தொகுக்கப்பட்ட எண்களையே நாடுகள் அனுப்புகின்றன.

2016ஆம் ஆண்டுக்கான தரவை 25 நாடுகள் அளித்தன. 2023ஆம் ஆண்டுக்கு 104 நாடுகள் அளித்துள்ளன. 2.3 கோடிக்கும் மேற்பட்ட உறுதி செய்யப்பட்ட தொற்றுகளின் விவரங்கள் அண்மை அறிக்கையில் ஆராயப்பட்டன. 2018 முதல் 2023 வரை, கண்காணிக்கப்பட்ட கிருமி-மருந்து இணைகளில் 40 விழுக்காட்டுக்கும் அதிகமானவற்றில் எதிர்ப்பு அதிகரித்துள்ளது. உலக அளவில் ஈ.கோலை கிருமிகளில் 40 விழுக்காட்டுக்கு மேலும், கிளெப்சியெல்லா நிமோனியே கிருமிகளில் 55 விழுக்காட்டுக்கு மேலும், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. ரத்தத் தொற்றுக்கு மருத்துவர்கள் முதலில் நாடும் மருந்துகள் இவையே.

இந்தியாவின் நிலையை ஐசிஎம்ஆர் வலையமைப்பின் அறிக்கைகள் காட்டுகின்றன. 2017ஆம் ஆண்டு, சோதிக்கப்பட்ட ஈ.கோலை கிருமிகளில் ஏறத்தாழ 81 விழுக்காடு இமிபெனெம் மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2023ஆம் ஆண்டு அது ஏறத்தாழ 63 விழுக்காடாகக் குறைந்தது. பிற மருந்துகள் பலிக்காதபோது கையாளப்படும் மருந்து இமிபெனெம் என்பதால், இந்தச் சரிவு கவலைக்குரியது.

எண்ணின் பின்னே இருப்பது உயிர். மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக 2021ஆம் ஆண்டு உலகில் சுமார் 11.4 லட்சம் பேர் உயிரிழந்ததாகவும், இத்தகைய தொற்றுடன் தொடர்புடைய மரணங்கள் சுமார் 47.1 லட்சம் என்றும் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

'மூன்றில் ஒன்று' என்பதை எவ்வாறு புரிந்துகொள்வது?

தென்கிழக்கு ஆசியாவில் மூன்றில் ஒரு தொற்று மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பதற்கு, காய்ச்சலுடன் கிளினிக்குக்கு வரும் மூவரில் ஒருவருக்கு மருந்து பலிக்காது என்று பொருள் கொள்ளக் கூடாது. பெரும்பாலான காய்ச்சலும் சளியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. 'ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட பாக்டீரியா தொற்றுகளில்' என்ற சொற்றொடரே இங்கு முக்கியம்.

யாருக்குச் சோதனை செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தும் விகிதம் மாறும். மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் ஊரில் 1,000 பேருக்குச் சிறுநீர்த் தொற்று. அவர்களில் 100 பேரின் கிருமி மட்டுமே மருந்தை எதிர்க்கிறது. அதாவது 10 விழுக்காடு. மருத்துவர்கள் அனைவருக்கும் கல்ச்சர் எழுதாமல், மருந்து கொடுத்தும் குணமாகாதவர்களுக்கு மட்டும் எழுதுகிறார்கள். அதனால் எதிர்ப்புக் கிருமி உள்ள 90 பேரும், மற்றவர்களில் 60 பேரும் மட்டுமே ஆய்வகத்தை அடைகிறார்கள். ஆய்வகத்தின் கணக்கில் 150க்கு 90. அதாவது 60 விழுக்காடு. ஆய்வகம் பிழை செய்யவில்லை. ஆனால் அந்த 60 விழுக்காடு ஊரின் நிலையைக் காட்டவில்லை.

இந்தியாவின் தரவு பெருமளவு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்தும், பிற பெரிய மருத்துவமனைகளிலிருந்தும் வருவது. அங்கு வருபவர்கள் பலர், வேறு இடங்களில் இரண்டு மூன்று மருந்துகளை உட்கொண்டு பலனின்றி வந்தவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கிருமிகளும் அதே கணக்கில் சேர்கின்றன. வட்டார அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிலவும் நிலை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. இதை உணர்ந்தே கிளாஸ் அறிக்கை, வயது போன்ற வேறுபாடுகளைக் கருத்தில் கொண்டு புள்ளியியல் முறைகளால் விகிதங்களைச் சரிசெய்கிறது. சோதனை பரவலாக நடைபெறாத நாடுகளில் எதிர்ப்பு மிகையாகத் தெரியக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

அதற்காக எண்களைப் புறந்தள்ளிவிடவும் முடியாது. ஒரே ஆய்வகம், ஒரே முறையில், ஆண்டுதோறும் எண்ணும்போது, விகிதத்தின் அளவைவிட அது செல்லும் திசை நம்பத்தக்கது. இமிபெனெம் பலன் 81இலிருந்து 63ஆகக் குறைந்ததைப் பெரிய மருத்துவமனைகளின் நிலை என்று கொண்டாலும், சரிவு சரிவே.

மிகப் பெரிய இடைவெளி வேறிடத்தில் உள்ளது. உலக நாடுகளில் ஏறத்தாழ பாதி, 2023ஆம் ஆண்டுக்கான தரவையே அளிக்கவில்லை. அளித்த நாடுகளிலும் ஏறத்தாழ பாதியில் நம்பகமான தரவை உருவாக்கும் கட்டமைப்பு இல்லை என்று உலக சுகாதார அமைப்பு சுட்டிக்காட்டியுள்ளது. எங்கு சிக்கல் கடுமையாக இருக்கக்கூடுமோ, அங்கேயே ஆய்வகங்கள் குறைவு.

நோயாளிக்கு என்ன பயன்?

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ரத்தத் தொற்றில் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. முடிவு வரும் வரை எந்த மருந்தைக் கொடுப்பது என்று மருத்துவர் ஊகித்தே தொடங்க வேண்டும். அந்த ஊகத்துக்கு அடிப்படையாக அமைவது, மருத்துவமனையின் கடந்த ஆண்டு முடிவுகளைத் தொகுத்த அட்டவணை. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை விழுக்காடு பலன் தருகிறது என்பதை அது காட்டும். அட்டவணை இல்லாத இடத்தில், மருத்துவர் பாதுகாப்பு கருதி மிக வலிய மருந்தையே முதலில் எழுத நேர்கிறது. அது அடுத்த நோயாளிக்கு அந்த மருந்தின் பலனைக் குறைக்கிறது.

டைபாய்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை டைபாய்டுக்கு வழக்கமான மருந்தாக இருந்தது. இன்று இந்தியாவில் சோதிக்கப்படும் டைபாய்டு கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வகை மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை ஆய்வக வலையமைப்புகள் ஆண்டுதோறும் உறுதி செய்துள்ளன. அதே வலையமைப்புகள், செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் பெரும்பாலும் பலன் தருகின்றன என்பதையும் காட்டுகின்றன. சிந்து மாகாணத்தில் பரவிய வகை இங்கு கால் ஊன்றினால், அதை முதலில் அறியப்போவதும் இதே ஆய்வகங்கள்தாம்.

அரசுக்கும் இத்தரவு தேவை. உலக சுகாதார அமைப்பு ஆன்டிபயாடிக்குகளை, முதலில் நாட வேண்டியவை, எச்சரிக்கையுடன் கையாள வேண்டியவை, இறுதிக்காக ஒதுக்க வேண்டியவை என மூன்றாகப் பிரித்துள்ளது. பயன்படுத்தப்படும் மருந்துகளில் குறைந்தது 70 விழுக்காடு முதல் பிரிவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தில் ஏற்கப்பட்ட இலக்கு. மருந்து எதிர்ப்புடன் தொடர்புடைய மரணங்களை 2030ஆம் ஆண்டுக்குள் 10 விழுக்காடு குறைக்கவும் நாடுகள் உறுதியளித்துள்ளன. எண்ணிக்கை இல்லாமல் குறைந்ததா, கூடியதா என்று கூறவே முடியாது.

மருத்துவமனைக்கு வெளியே

ஆன்டிபயாடிக் மனிதர்களுக்கு மட்டும் கொடுக்கப்படுவதன்று. கோழி, மாடு, மீன் வளர்ப்பிலும் அது பயன்படுகிறது. மனிதர்களுக்கு இறுதி மருந்தாக விளங்கும் கோலிஸ்டினை, கோழிகள் விரைவாக எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் இருந்தது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜூலையில் தடை செய்தது. கால்நடை மற்றும் மீன்வளத் துறைகளின் ஆய்வகங்களை இணைக்கும் தனி வலையமைப்பும் நாட்டில் செயல்படுகிறது. ஆயினும் மனித மருத்துவத் தரவும் கால்நடைத் தரவும் ஒரே இடத்தில் சேர்ந்து ஆராயப்படும் நிலை இன்னும் முழுமை பெறவில்லை.

மாநில அளவில், தனிச் செயல்திட்டத்தை முதலில் வகுத்தது கேரளம். 2018ஆம் ஆண்டு அத்திட்டம் வெளியானது. மைசூருவிலிருந்து வயநாடும் நீலகிரியும் சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளன. மூன்று மாநிலங்களின் மக்களும் ஒரே சந்தைக்கும் ஒரே மருத்துவமனைக்கும் சென்று வரும் பகுதியில், ஒரு மாநிலம் மட்டும் எண்ணுவது போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மக்கள் கவனிக்க வேண்டியவை

மருந்து அட்டையில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று பொருள். மத்திய சுகாதார அமைச்சகம் 2016ஆம் ஆண்டு முதல் இதை வலியுறுத்தி வருகிறது.

மருத்துவமனையில் கடுமையான தொற்றுக்குச் சிகிச்சை பெறும்போது, முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு மாதிரி எடுக்கப்பட்டதா என்று கேட்பது நோயாளியின் உரிமை. முடிவு வந்ததும், அதற்கேற்ப மருந்தை மாற்ற வேண்டுமா என்றும் கேட்கலாம். பழைய கல்ச்சர் அறிக்கைகளைப் பத்திரப்படுத்தி, அடுத்த மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும். வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ அண்மையில் மருத்துவமனையில் தங்கியிருந்தால், அதையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். வீட்டில் எஞ்சிய மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுப்பதையும், முன்பு எழுதிய சீட்டைக் காட்டி மீண்டும் வாங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்த கட்டம்

இந்தியாவின் முதல் தேசியச் செயல்திட்டம் 2017 முதல் 2021 வரையிலான காலத்துக்கானது. 2025 முதல் 2029 வரையிலான இரண்டாவது திட்டத்தை மத்திய அரசு 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. கிளாஸ் பட்டியலில் உள்ள கிருமிகள் அனைத்தையும் சோதிக்கும் திறனை, 2030ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 80 விழுக்காட்டு நாடுகள் பெற வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. மைசூரு, திருச்சி போன்ற மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களுக்கு அத்திறன் ஏற்கனவே உண்டு. மாவட்ட, வட்டார மருத்துவமனைகளில் கல்ச்சர் வசதியும் பயிற்சி பெற்ற நுண்ணுயிரியல் பணியாளர்களும் எந்த அளவுக்கு விரிவடைகின்றன என்பதைப் பொறுத்தே, அடுத்த அறிக்கைகளில் வரும் இந்திய எண், பெரிய மருத்துவமனைகளின் எண்ணாக நின்றுவிடுமா, நாட்டு மக்களின் எண்ணாக மாறுமா என்பது தெரியவரும்.